இடமாற்றத்துக்கு ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

எங்கள் கல்லூரியில் பொது நிர்வாகம் படித்துப் போனவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். வேலையில் தொட்ட உயரங்களை ஒவ்வொருவரும் மூன்று வரியில் எழுதித் தர வேண்டும். தராதவர்களை என் தோழி விடுவதாக இல்லை. என்னோடு முதுகலை படித்தவள், நாகர்கோவிலில் அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். மலருக்கும் அவள்தான் பொறுப்பு. இன்று காலையில் காபி குடிக்க விடாமல் கூப்பிட்டாள்.

“ஏட்டி, எல்லாரும் அனுப்பியாச்சு. நீ மட்டுந்தான் பாக்கி. பெரிய ஆபீசர் ஆயிட்டா எங்களயெல்லாம் கண்ணுக்குத் தெரியாதோ?”

“சாயங்காலத்துக்குள்ள அனுப்புகேன்டி, உயிரை வாங்காத” என்றேன்.

எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு பூங்கொத்து விழும். ஒருத்தி காவல்துறையில் உயர்ந்திருப்பாள், ஒருவன் துபாயில் மேலாளர் ஆகியிருப்பான். “பொது நிர்வாகமா? அத படிச்சா என்ன வேல கெடைக்கும்?” என்று ஊரே கேட்ட படிப்பு அது. அதனால் இவர்கள் கொஞ்சம் தம்பட்டம் அடித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. ஆனால் என்னைப் பற்றி எழுதென்றால் கை ஓடவில்லை. அந்த வேலையை எப்போதும் என் அப்பாதான் செய்தார்.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒரு நன்மை நடந்தால் நன்றியாக உறையில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டு, மேலே காரணத்தை எழுதிக் கொடுப்போம். ஞாயிறு ஆராதனையில் போதகர் அதை எல்லாரும் கேட்க வாசிப்பார். பிறந்தநாள், திருமண நாள், புதுவீடு, விசா வந்தது, காய்ச்சல் விட்டது, எல்லாவற்றுக்கும் உண்டு. கருங்கலில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த என் அப்பா, நான் முதுகலை தேறியதற்கு ஒன்று கொடுத்தார். அரசுத் தேர்வில் வென்றதற்கு ஒன்று. வேலையில் சேர்ந்ததற்கு, பதவி உயர்ந்ததற்கு என்று ஒன்றையும் விட்டதில்லை. வாசிக்கும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவார். எனக்கு மானம் போகும். “ஏன் சும்மா பறை சாத்துகியோ?” என்று சண்டை போடுவேன். “எனக்குள்ள சந்தோசத்த நான் எங்க போயிச் சொல்லட்டும்?” என்பார். அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம். அண்ணன் மஸ்கட்டில். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அது வேறு கதை. வீட்டில் அவரும் நானும்தான்.

பிறகு அவருடைய சிறுநீரகம் பழுதானது. வாரந்தோறும் டயாலிசிஸ். சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே எனக்குப் பணி அமைந்ததால் நானே கூட்டிக்கொண்டு போவேன். ஊசி குத்தும்போது என் கையைப் பிடித்துக்கொள்வார். அவ்வளவு பெரிய மனுசன், இரும்புக் கம்பியைத் தோளில் தூக்கியவர், ஊசிக்குப் பயப்படுவார்.

அந்தச் சமயத்தில்தான் குளத்து விவகாரம் என் மேசைக்கு வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, இன்னும் அந்தத் துறையில்தான் சோறு தின்கிறேன். ஒரு குளத்தில் பல வருடமாகத் தண்ணீர் நிற்பதில்லை, அது தரிசு நிலம் என்று நான் அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுத்தால் மண்ணடித்து மனையாக விற்பார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். கரையிலிருந்து இறங்கினால் முழங்கால் தண்ணீர், நடுவில் தாமரை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தண்ணீர் இல்லை என்று எந்தக் கையால் எழுதுவது? பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன்.

மனை விற்கக் காத்திருந்தவர்கள் தேடி வந்து முதலில் சிரித்துப் பேசினார்கள். பிறகு வழக்கமான வசனம் வந்தது: “தண்ணியில்லாக் காட்டுக்குப் போவணுமா மேடம்?” அப்பாவின் கடைக்கும் போனார்கள். அன்று ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

“ஒரு ஒப்புதான மக்ளே” என்றார். கையெழுத்தை எங்கள் பக்கத்தில் ஒப்பு என்போம். “அந்தச் சவத்தப் போட்டுக் குடுத்துட்டு என் பக்கத்துல இரியேன்.”

“தண்ணி கெடக்குப்பா. எப்படிப் போடுகது?”

“ஒனக்குக் கொளம் பெருசு. நான் சாவும்போ பக்கத்துல இருப்பியா? அதச் சொல்லு.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உத்தரவு வந்தது. மழை எட்டிப் பார்க்காத, சீமைக்கருவேலம் மட்டும் செழிக்கிற ஓர் ஊருக்கு மாற்றியிருந்தார்கள். குளத்தைக் காப்பாற்றியவளுக்கு நிஜமாகவே தண்ணியில்லாக் காடு. செய்தி கிடைத்த அன்றே அந்த ஆட்கள் கருங்கல் சந்திப்பில் கொண்டாட்டமாக வெடி போட்டார்கள். அப்பா கடையில் இருந்து கேட்டிருக்கிறார். அவரைக் கூட்டிப் போக ஓர் ஆட்டோக்காரரையும், சமைத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்காவையும் ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினேன். அப்பா வாசல்வரைகூட வரவில்லை. பஸ் ஏறியபிறகு, இந்த வேலையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

முதல் விடுமுறைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆலயத்துக்குக் கூட்டிப் போனேன். காணிக்கை வாசிக்கும் நேரம் வந்தது. போதகரை நாங்கள் ஐயர் என்போம். அன்றைக்கு இருந்தவர் ஊருக்குப் புதுசு. யார் யாருக்கோ பிறந்தநாள் முடிந்து, அப்பாவின் பெயரை வாசித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த உறைக்குப் போகும் வேகத்தில் அவர் சொன்னார்: “தமது மகளுக்குப் பதவி உயர்வு கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை.”

பக்கத்தில் பெஞ்சு ஆடியது. அப்பா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார். பிடித்து உட்கார வைக்கப் பார்த்தேன், கையைத் தட்டிவிட்டார்.

“ஐயரே, பதவி உயர்வு இல்ல. இடமாற்றம். எழுதுனத அப்படியே வாசிக்கணும்.”

சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஐயர் உறையை மறுபடியும் கண்ணருகே கொண்டுபோனார். இடமாற்றத்துக்கு யாராவது ஸ்தோத்திரம் செலுத்துவார்களா? பாவம், அவர் வாய் பழகியதைச் சொல்லிவிட்டது. “தமது மகளுக்கு இடமாற்றம் கிடைத்ததற்காக” என்று நிறுத்தி வாசித்தார். அப்பா அதைக் கேட்டு முடித்தபிறகுதான் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, பழையபடி. அந்த ஒரு தடவை எனக்கு மானம் போகவில்லை. கண்தான் தெரியாமல் போயிற்று.

வெளியே வந்ததும், “என்னப்பா இது?” என்று கேட்டேன்.

“அவனுவ வெடி போட்டானுவல்லா? அந்தப் பயலுவளுக்கு அவ்வளவு சந்தோசம்னா, என் மக என்னமோ பெருசாத்தான் செஞ்சிருக்கான்னு வெளங்கிச்சு.” கொஞ்ச தூரம் நடந்து மூச்சு வாங்கினார். “நீ பக்கத்துல இல்லாததுல எனக்கு வெசமம் இல்லன்னு சொல்ல மாட்டேன், கேட்டியா. நல்லா உண்டு.”

நான் எழுதி வைத்த குறிப்பைத் தாண்ட அடுத்து வந்த அதிகாரிக்குத் துணிவில்லை. குளம் இன்றும் குளமாகக் கிடக்கிறது. அப்பா அடுத்த மழைக்காலத்தில், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது போய்விட்டார். ஆட்டோக்காரரின் கையைப் பிடித்தபடி போனாராம். நான் பாதி வழியில் பஸ்ஸில் இருந்தேன். சாகும்போது பக்கத்தில் இருப்பாயா என்று கேட்டார். இருக்கவில்லை. இதை எந்தக் குளத்தில் முங்கியும் கழுவ முடியாது.

மத்தியானம் உட்கார்ந்து மலருக்கு எழுதி அனுப்பினேன். படித்த வருடம், சேர்ந்த பணி, பிறகு இந்த வரி: ஒரு குளத்துக்காக இடமாற்றம் பெற்றார்.

சாயங்காலமே தோழி கூப்பிட்டாள்.

“ஏட்டி, அவசரத்துல தப்பா அடிச்சிட்ட போல. இடமாற்றம்னு கெடந்துச்சு. நான் பதவி உயர்வுன்னு திருத்திட்டேன், சரிதான?”

உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன். போனில் பேசுவதற்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை, தெரியும்.

“பதவி உயர்வு இல்லட்டி. இடமாற்றம். எழுதுனத அப்படியே போடு.”