நடக்கத் தெரிந்தவர்களின் சக்கர நாற்காலி

என் அம்மாவுக்குக் கால் முடியவில்லை என்று யாராவது சொன்னால் தாம்பரம் மார்க்கெட்டே சிரிக்கும். கிழக்குத் தாம்பரத்து வீட்டிலிருந்து கிளம்பி, ரயில் நிலையத்து நடைமேம்பாலம் ஏறி இறங்கி, மார்க்கெட்டுக்குப் போய், இரண்டு கையிலும் பை தொங்க அதே படிகளில் திரும்பி வருகிறவள். கூடப் போனால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். அப்படிப்பட்டவளுக்கு வீல்சேர் வேண்டும் என்று சொல்லி டிக்கெட் போட்டுவிட்டாள், அமெரிக்காவில் இருந்த என் தங்கை.

தங்கைக்குத் தலைப்பிரசவம். அது தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீடு அங்கே போக வேண்டியதாயிற்று. அப்பா காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். ஆக, அம்மா தனியாகத்தான் போக வேண்டும். நடுவில் வளைகுடாவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும். அம்மாவின் இங்கிலீஷோ பஸ் போர்டைத் தாண்டாது.

"வீல்சேர்ல உட்கார்ந்துட்டா போதும்க்கா. அவங்களே தள்ளிட்டுப் போய் அடுத்த பிளேன்ல ஏத்திடுவாங்க. இங்க எல்லார் அம்மாவும் அப்படித்தான் வர்றாங்க" என்றாள் தங்கை போனில்.

அம்மா ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. யோசனை தங்கையுடையது, திட்டு எனக்கு! "கை கால் நல்லா இருக்கறவளை உட்கார வச்சுத் தள்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். கேளம்பாக்கத்துக்குத் தெரியக் கூடாது.

கேளம்பாக்கம் என்றால் தங்கையின் மாமியார். எங்கள் சம்பந்தியம்மா. வழிவழியாக நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மாடி வீடு கட்டிக்கொண்டு வசதியாக இருந்தார்கள். சம்பந்தியம்மாவும் கணவரை இழந்தவர்தான்; ஒரே பிள்ளை. முந்தின வருஷம் அவர் தனியாக அமெரிக்கா போய் வந்திருந்தார். வந்ததிலிருந்து எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் அதே பேச்சு. "ஏர்போர்ட்டுன்னா பெரிய இதுவா? நம்ம கூட்டு ரோடு மாதிரிதான். கைப்பையை மாட்டிக்கினு விறுவிறுன்னு போயிட்டேன்." அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பாள்.

பேச்சோடு விட்டாரா? "நீங்க எதுக்கு அலையறீங்க சம்பந்தி? எனக்குப் போய்ப் பழக்கம். பிரசவத்துக்கு நானே போறேன். குழந்தையை நான் பாத்துக்கறேன்" என்று இரண்டு தடவை போன் செய்தார். பெற்றவள் இருக்கும்போது பிரசவத்துக்கு மாமியாரா? இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டாள், விசாவுக்கு வெயிலில் வரிசையில் நின்றாள், ஊறுகாயை மூன்று பாலித்தீன் பைக்குள் கட்டினாள். தன் மகளின் குழந்தையை முதலில் தன் கையில்தான் வாங்க வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

காலை விமானம். குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் டாக்ஸி ஊர்ந்தது. மின்சார ரயிலில் வந்திருந்தால் திரிசூலத்தில் இறங்கி எதிரே நடந்தே போயிருக்கலாம் என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். வீல்சேரில் உட்காரப் போகிறவள் ரயிலில் வருவதாம்!

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஊரே நின்றது. ஒருவரை அனுப்ப வேன் வைத்துக்கொண்டு பதினைந்து பேர் வருகிற ஊர் இது. ஒரு குடும்பம் நடைபாதையிலேயே பேப்பர் விரித்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் துபாய்க்குப் போகிற ஓர் இளைஞனின் தோளில் அவன் வீட்டுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு இந்தக் கூட்டம் எப்போதுமே பிடிக்கும். நம்மவர்கள் வாசலில் நின்று வழியனுப்புகிற மாதிரி வேறு எங்கும் வழியனுப்ப மாட்டார்கள் என்று தோன்றும்.

சீருடைக்காரர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்தார். அம்மா அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"உள்ள போய் உட்கார்ந்துக்கறேன் தம்பி."

"இங்கயே குந்துமா. உள்ள வந்து தேடினா நான் கிடைக்க மாட்டேன். இன்னும் நாலு பேரு வெயிட் பண்ணிகினு கீறாங்க."

அம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"ஐயையோ, சம்பந்தி! இன்னாங்க ஆச்சு காலுக்கு?"

கேளம்பாக்கம்! வர முடியாது, வீட்டில் ஆள் வருகிறார்கள் என்று முந்தின நாள்தான் போனில் விடைபெற்றிருந்தார். இப்போது மருமகளுக்குப் பிரசவ லேகியம் கிண்டி, டப்பாவும் கையுமாக, பஸ் மாறி வந்து நிற்கிறார்.

"ஒண்ணுமில்ல அத்தை, ரெண்டு நாளா சுளுக்கு" என்று நான் உளறினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"சுளுக்கோட ஏன் அனுப்பறீங்க? அங்க ராத்திரி பகல்னு குழந்தையைத் தூக்கிக்கினு நடக்கணுமே, யாரு நடப்பாங்க? நான்தான் அப்பவே சொன்னனே, நான் போறேன்னு. இரு, என் பையனுக்கு ஒரு போன் போடறேன். எனக்கு ஒரு டிக்கெட் எடுக்கச் சொல்றேன்." கைப்பையைத் திறந்து செல்போனை எடுத்தார்.

அம்மா சட்டென்று எழுந்துவிட்டாள். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சீருடைக்காரரின் காலில் இடித்தது.

"போன் போடாதீங்க சம்பந்தி. என் காலுக்கு ஒண்ணும் இல்ல. இவ பொய் சொல்றா." தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பயம். பாஷை தெரியாத ஊர்ல எங்கயாவது தொலைஞ்சு போயிடுவேனோன்னு பயம். என் பொண்ணு அங்க வலியில கிடக்கறப்ப நான் வேற ஊர்ல அழுதுகிட்டு நின்னா என்ன பண்றது? அதுக்குத்தான் இந்த வண்டி. உங்களை மாதிரி எனக்குச் சாமர்த்தியம் இல்ல. ஆனா குழந்தையைத் தூக்க எனக்குக் கை இருக்கு."

அத்தனை பேர் நடுவில் அம்மா அழுததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அப்பாவின் காரியத்தில்கூடச் சமையலறைக்குள் போய்த்தான் அழுதாள்.

சம்பந்தியம்மா செல்போனைப் பைக்குள் போட்டார். என்னைப் பார்த்தார், சீருடைக்காரரைப் பார்த்தார், பிறகு அம்மாவின் காதருகே குனிந்தார். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"உட்காருங்க சம்பந்தி. நானும் இதுலதான் போனேன்."

அம்மா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள். "நடந்து போனேன்னு சொன்னீங்களே?"

"பின்ன, தள்ளிக்கினு போனாங்கன்னா சொல்லுவாங்க? மானம் போவாது?"

அடிப்பாவி, இதற்கா நாங்கள் ஒரு வருஷம் வயிறெரிந்தோம்! எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அம்மாவும் கண்ணில் தண்ணீரோடு சிரித்தாள். அதற்குப் பிறகு சம்பந்தியம்மா அம்மாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "நடுவுல இறங்கற ஊர்ல ஓரமா உட்கார வச்சுட்டுக் காணாம போயிடுவான். பயப்படாதீங்க, வருவான். ஆனா எழுந்து மட்டும் நடந்துடாதீங்க, வண்டியை வேற யாருக்காவது குடுத்துடுவான். பாத்ரூம் போவணும்னா கையைக் காட்டுங்க, புரிஞ்சுக்குவாங்க." லேகிய டப்பாவை அம்மாவின் கைப்பைக்குள் திணிக்கப் போனவர், அதை உள்ளே சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்று நினைவு வந்து, பெட்டியைத் திறந்து புடவைகளுக்கு நடுவே சுருட்டி வைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போய்க்கொண்டே இருந்தது. அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு, ராணி மாதிரி போனாள்.

அம்மா போய்ச் சேர்ந்ததும் தங்கை போன் செய்தாள். வெளியே வரும் வழியில் இவளுடைய வயிற்றைப் பார்த்ததும் அம்மா நாற்காலியிலிருந்து குதித்து ஓடி வந்திருக்கிறாள். தள்ளி வந்த வெள்ளைக்காரப் பெண் வாயைப் பிளந்து நின்றாளாம். தங்கைக்குச் சிரிப்பு, கூச்சம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்ததாம். சில நாளில் பெண் குழந்தை பிறந்தது. அம்மாதான் முதலில் கையில் வாங்கினாள்.

இந்த ஓட்டக் கதையைக் கேளம்பாக்கத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். சம்பந்தியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நீங்களும் இப்படித்தான் ஓடினீங்களா அத்தை?" என்று சும்மா கேட்டேன்.

"நான் எங்க ஓடறது? பையனுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல, உன் தங்கச்சிக்கும் வேலை. யாரோ டிரைவர் என் பேரை அட்டையில எழுதிப் பிடிச்சுக்கினு நின்னான். அவங்கிட்ட இன்னாத்துக்கு ஓடணும்? கார் வரைக்கும் வண்டியிலயே போயிட்டேன்" என்றார். பிறகு குழந்தை யார் ஜாடை என்று கேட்டார்.

போனை வைத்த பிறகு எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளை வீட்டில் தனக்கென்று ஓர் ஆள் வேண்டும் என்றுதான் குழந்தையைப் பார்க்க இவர் அப்படித் துடித்தார் என்று புரிந்தது.

அம்மாவுக்கு அங்கே ஆறு மாதம் தங்கத்தான் அனுமதி. அவள் திரும்பியதும் சம்பந்தியம்மாவின் முறை. அவர் புறப்பட்ட அன்று தங்கையைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொன்னேன்: "ரெண்டு பேரும் போங்க. குழந்தையையும் தூக்கிட்டுப் போங்க. உன் வீட்டுக்காரருக்கு லீவு இல்லன்னா வேலையை விட்டுட்டு வரச் சொல்லு."

மறுநாள் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்தில் அம்மா.

"ஓடினாங்களாடி?" என்று அம்மாதான் முந்திக்கொண்டு கேட்டாள்.

"ஒரு செருப்பு வண்டிகிட்டயே கழண்டு விழுந்துடுச்சும்மா" என்றாள் தங்கை. "இவர்தான் ஓடிப் போய் எடுத்துட்டு வந்து, கீழ உட்கார்ந்து மாட்டிவிட்டார்."