டாக்டர் மனம் நோகக் கூடாதென்று

அருவங்காட்டில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். அன்றாடம் நடப்பதை நாளும் கிழமையும் போட்டு நோட்டில் குறித்து வைப்பேன். என் மனைவி சரசுவுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி மூன்றும் உண்டு.

எங்கள் குடும்ப டாக்டர் கோபமே அறியாதவர். சரசுவைக் கண்டதும் மற்ற நோயாளிகளிடம், "இந்தம்மாவைப் பார்த்துக் கத்துக்கோங்க. சொன்னா சொன்னபடி நடப்பாங்க" என்பார். அவள் முகம் மலர்ந்துவிடும்.

ஆனால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று அவர் நிறுத்தச் சொன்ன வலி மாத்திரையை அவள் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பஸ் சாலைக்கு அறுபத்திரண்டு படிகள். மாத்திரை போடாமல் அவளால் ஏற முடியவில்லை. மருந்துக்கடையில் தானே வாங்கிக்கொண்டாள்.

"டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. பாவம், மனசு ஒடஞ்சு போயிருவாருங்க" என்றாள்.

"மொத மார்க் போயிருமேன்னு பயம் உனக்கு" என்று கேலி செய்தேனே தவிர, நானும் சொல்லவில்லை. அவள் மாத்திரை வாங்கிய நாட்களை நோட்டில் குறித்ததோடு சரி.

டாக்டர் நிறுத்தச் சொன்னதிலிருந்து ஏழாம் மாதம் அவள் கால்கள் வீங்கின, மூச்சு இரைத்தது. இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டதாகப் பரிசோதனையில் தெரிந்தது.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதானுங்க."



இப்போது அவளுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். டாக்டரிடம் போனால், அவர் நலம் விசாரிக்கும் முன்பே, அவர் எழுதிக் கொடுத்தது, அவள் தானே வாங்கியது என்று பாராமல் வீட்டில் தீர்ந்த எல்லா மாத்திரைகளின் காலி அட்டைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கிறேன். அவர் முகம் வாடுவதைக் கண்டால் சரசு என் கையைப் பிடித்து இழுப்பாள். நான் நிறுத்துவதில்லை.