‘நி’ எழுத்துக்கு ஒரு படம்

புது ஆட்சி வந்த புதிதில், விவசாயக் கூலிகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தரும் பாடநூலைத் திருவிடைமருதூரில் ஐந்து பேர் சேர்ந்து உருவாக்கினோம். நான் படம் போடுகிறவன். குழுத் தலைவர் தமிழாசிரியர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் மைக்கறை. எந்தச் சொல்லுக்கு யார் ஆட்சேபம் சொன்னாலும் “ஆகட்டுங்க” என்று உடனே அடித்துவிடுவார். ‘கூலி’ அப்படித்தான் ‘கூடை’ ஆயிற்று.

‘நி’ எழுத்துக்கு நிலம் வரைந்திருந்தேன். எங்கும் நிலத்தகராறு நடந்துகொண்டிருந்த நேரம். குழுவிலிருந்த மிராசுதார் முகம் சுளித்தார்.

“நிலாவா மாத்திடுங்க, தம்பி” என்றார் தலைவர்.

“படிக்க வர்றவங்களுக்கு நிலம்தானே சார் வேணும்?”

“அவங்களுக்கு ரெண்டும் ஒரே தூரந்தான்.”

அவர் சிரிக்கவில்லை. அது கிண்டலா, வேதனையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நிலா வரைந்தேன். அதை மட்டும் யாரும் அடிக்கச் சொல்லவில்லை.