ஒன்பதில் நின்ற மணி

1943 டிசம்பர் 12, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். விளக்கொளி வெளியே கசியாதிருக்கக் கட்டிய கறுப்புத் திரையை விலக்காமலே அடுப்பில் கரி போட்டேன். நேற்றைய தேயிலையையே மறுபடி கொதிக்கவைத்துக் குடித்தேன். பிறகு வாசலைப் பெருக்கினேன். இந்த வாசல் நாளைக் காலை பட்டாளத்துக்குப் போகிறது. பீரங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று இந்த ஆங்கிலேயக் கிராமம் முழுவதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

நம் பக்கத்தில் சாவு விழுந்தால் பறை சொல்லும். யார் என்பது வாய்வழியாக வந்து சேரும். இங்கே எல்லாவற்றையும் தேவாலய மணியே சொல்லிவிடுகிறது. மும்மூன்றாக மூன்று முறை அடித்தால் ஆண். இரண்டிரண்டாக மூன்று முறை என்றால் பெண். சற்று நிறுத்தி, இறந்தவர் வாழ்ந்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடி. வயலில் இருப்பவர்கள் கைவேலையை விட்டுவிட்டு எண்ணுவார்கள். கடைசி அடியில் ஆள் இன்னார் என்று தெரிந்துவிடும். பூந்தமல்லி சாலையில் ஒரு துரை வீட்டில் சமையல்காரனாக இருந்த என்னையும் என் மனைவி முனியம்மாவையும், அவர் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது உடன் அழைத்துவந்தார். வந்த வாரமே ஒரு கிழவிக்கு மணி அடித்தது. விஷயத்தைச் சொன்னதும் முனியம்மா சிரித்துவிட்டாள். "இன்னா மாமே, பொம்பள வயசையுமா ஊருக்கே அடிச்சிக் காட்டுவானுங்கோ? நான் இங்க சாவ மாட்டேன்பா."

வந்த ஒன்பதாம் வருஷம், சளிக்காய்ச்சலில் செத்துப்போனாள். அப்போது நாடெங்கும் மணி அடிக்கத் தடை இருந்தது. எதிரி வந்து இறங்கினால் மட்டுமே அடிக்கலாம். சங்கும் இல்லை, பறையும் இல்லை, இவர்களுடைய மணியும் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கென்று அந்தக் காலத்தில் ஒதுக்கிய வடக்குச் சுவரோரத்தில் பாதிரியார் இடம் கொடுத்தார். சத்தமே இல்லாமல் அவளை மண்ணுக்குள் இறக்கினோம்.

இந்த வருஷம் தடை நீங்கியது. ஊர் காலியாகும் முன், மணி இல்லாமல் போனவர்கள் எல்லோருக்கும் கடைசி ஞாயிறன்று அடித்துவிடுவதாக மணியடிக்கும் கிழவர் மிஸ்டர் டாட் அறிவித்தார். முனியம்மாவுக்கும் அடிக்கக் கேட்டுப் போன வாரம் அவரிடம் போனேன். தாராளமாக என்றார். வயது கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அன்றன்றைய மழையைக்கூட எழுதிவைக்கிறவன் நான். வயது கேட்டால் அவள் சொல்வது ஒன்றுதான்: "ஏரி ஒடஞ்ச வருசம் பொறந்தவன்னு சொல்லு. ஊர்ல அல்லாருக்கும் தெரியும்." பருத்திப்பட்டு ஏரி இரண்டு முறை உடைந்தது. எந்த உடைப்பு என்பதில் அவள் அப்பாவுக்கே சந்தேகம்.

ஏரி உடைந்த கதையை மிஸ்டர் டாட்டிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எத்தனை பேர் மூழ்கிப்போனார்கள் என்று வருத்தத்தோடு விசாரித்தார். நாற்பதோ ஐம்பதோ, எதையாவது அடியுங்கள் என்று கெஞ்சினேன்.

"இந்தக் கயிற்றை என் அப்பாவும் அவர் அப்பாவும் பிடித்திருக்கிறார்கள்," என்றார். "குத்துமதிப்பாக ஒருநாளும் அடித்ததில்லை."

அவரிடம் கோபப்பட முடியவில்லை. கிட்டத்தட்ட ஒன்பது நூற்றாண்டுக்கு முன் இங்கே ஒரு ராஜா ஊர் ஊராகக் கணக்கெடுத்தாராம். அதில் இந்தக் கிராமத்தின் மாவு மில் இருக்கிறது, ஏர்மாடு இருக்கிறது, பன்றிகள்கூட எண்ணோடு இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் என் பெண்டாட்டி எண் இல்லாமல் கிடக்கிறாள். நம் ஊரில் யாரைக் கேட்பது? ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு நிலம் எடுக்கிறார்கள், எங்கள் தெருவும் போகிறது என்று மச்சான் ஆடியில் எழுதியதோடு சரி. அவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியாது. இதை வாசிக்கும் நம் பக்கத்துக்காரர்களே, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இன்று பிற்பகல் எல்லோரும் தேவாலயத்தில் கூடினோம். ஒவ்வொருவருக்காக மணி அடித்தது. சனங்கள் மடியில் விரல் மடக்கி எண்ணினார்கள். கடைசியாக இரண்டிரண்டாக மூன்று முறை. யாரோ ஒரு பெண். நானும் விரல் மடக்கினேன். ஒன்று, இரண்டு என்று ஏறி ஒன்பதில் நின்றது. எல்லோருடைய விரல்களும் பத்தாவது அடிக்காகக் காத்திருந்தன. வரவில்லை. முன் பெஞ்சுக்காரி திரும்பி, பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "யார் வீட்டுக் குழந்தை?"

மிஸ்டர் டாட் படியிறங்கி வந்து என் தோளைத் தொட்டார். "எங்களுக்குத் தெரிந்த வருஷங்களை அடித்துவிட்டேன். மீதி உங்கள் ஊருக்குச் சொந்தம்."

நல்ல மனிதர். ஆனால் மீதியை அடிக்க எந்த ஊர் இருக்கிறது? அங்கே பட்டாளம், இங்கே பட்டாளம். சண்டை முடிந்ததும் திரும்பி வரலாம் என்கிறார்கள். பீரங்கிக்கு வடக்குச் சுவர் எது, அவள் மேடு எது என்று தெரியுமா?

டிசம்பர் 13, திங்கள். விடிந்ததும் முதலில், முனியம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைச் செம்பையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வடக்குச் சுவரோரம் போனேன். செம்பைக் கவிழ்த்துப் பிடித்துக் கரண்டியால் தட்டினேன். பத்து என்று தொடங்கினேன். நாற்பது தாண்டியபோது சாலையில் லாரிகள் வந்து நின்றன. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.