லிப்ட் பழுதான அன்று

கொழும்பு வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் குடியிருக்கிறோம். ஐந்து நிமிட நடையில், அடுத்த ஒழுங்கையிலுள்ள டியூஷனுக்கும் மகளை ஓட்டோவில்தான் அனுப்புவேன். களைத்துப்போனால் எப்படிப் படிப்பாள்?

போன மாதம் லிப்ட் பழுதானது. என்னோடு படியேறிய பதின்மூன்று வயதுப் பிள்ளை நாலாம் மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டாள்.

"அப்பா, மூச்சு எடுக்கேலாமக் கிடக்கு."

தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. உதவிக்குக் கூப்பிட வாயைத் திறந்தால் எனக்கும் வெறும் காற்றுத்தான் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை.

மூச்சு சீரானதும் டொக்டரிடம் போனோம், ஓட்டோவில்தான். அவர் சோதித்துவிட்டு, "நோய் வருத்தம் ஒண்டுமில்லை. பிள்ளையை நடக்க விடுங்கோ. நீங்களும்தான்" என்றார்.

இப்போது டியூஷனுக்கு இருவரும் நடக்கிறோம். முன்னே போகிறவள் ஒழுங்கை திரும்பும் முடக்கில் நின்று கேட்கிறாள்:

"அப்பா, உங்களுக்கு ஓட்டோ பிடிக்கட்டோ?"