வெள்ளாற்றுப் பாலத்துக்கு அந்தாண்ட

போன வாரம் ஒரு காலையில், காபியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த மூட்டு வலியோடு இன்னொரு நாளா என்று அலுத்துக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. பெயர் இல்லாத எண். அப்பா இன்று காலை இறந்துவிட்டார், அடக்கம் மாலை நான்கு மணிக்கு, கடலூர் முதுநகரில் என்று இங்கிலீஷில் இரண்டே வரி. கீழே அந்தோணியின் படம். அனுப்பியது அவன் மகன்.

நம்முடைய போன் இருக்கிறதே, அது மகா கெட்டிக்காரப் போன். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை படிப்பதற்குள், பதில் என்ன எழுதலாம் என்று அதுவே மூன்று கட்டம் போட்டுக் காட்டியது. முதல் கட்டத்தில் ‘சாரி ஃபார் யுவர் லாஸ்’. உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். விரலை வைத்தால் போதும், போய்ச் சேர்ந்துவிடும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நானும் அந்தோணியும் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் வேலை பார்த்தோம். கோயில் பார்க்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்கள் வாசலில் பையை இறக்கினார்களோ இல்லையோ, நாங்கள் இரண்டு பேரும் துணி அலமாரியைச் சரிபார்க்க மாடிக்கு ஓடிவிடுவோம். ஒருநாள் மேனேஜர் கீழேயிருந்து கத்தினார். “யோவ், அவுங்க என்ன புலியா கரடியா? ரெண்டு வார்த்த பேசக் கத்துக்குங்கய்யா. எவன் நல்லா பேசுறானோ அவன ரிசப்ஷன்ல ஒக்கார வெக்கிறேன்.” ரிசப்ஷனில் மின்விசிறி இருந்தது. என் லட்சியம் அதற்கு மேல் பெரிதாக இருந்ததாக ஞாபகமில்லை.

அப்போது மீட்டர் கேஜ் பாதை. காலை பாசஞ்சரில் நான் திருப்பாதிரிப்புலியூரில் ஏறித் துண்டு போட்டு இடம் பிடிப்பேன். அடுத்தது முதுநகர், அந்தோணி அங்கே ஏறுவான். அவன் சட்டைப் பையில் தினமும் ஒரு காலண்டர் தாள் இருக்கும். பங்குக் கோயிலில் கொடுக்கிற தினசரிக் காலண்டர். முன்பக்கம் அன்றைக்கான புனிதரின் பெயர். பின்பக்கம், ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து அந்தோணி எழுதிக்கொண்டு வந்த ஒரு வாசகம். ‘ஸோ ஃபார் ஸோ குட்’ என்றால் இதுவரைக்கும் நல்லபடி. ‘கால் இட் எ டே’ என்றால் இன்றைக்கு இது போதும், முடித்துக்கொள்வோம். இதை நான் மூன்று மணிக்கே மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். “வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு போயி தண்ணி டேங்கப் பாரு” என்றார்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலம் வரும். பாலத்துக்கு இந்தாண்ட எவ்வளவு வேண்டுமானாலும் தமிழ் பேசலாம். பாலம் தாண்டினால் சிதம்பரம் வரைக்கும் இங்கிலீஷ்தான். வாய் தவறித் தமிழ் வந்துவிட்டால் எழுந்து நின்றுகொண்டே வர வேண்டும். நானே அதிகம் நின்றேன். கிள்ளையில் சுண்டல் விற்க ஏறும் அம்மாவிடம்கூட அந்தோணி இங்கிலீஷில்தான் கேட்பான். அந்த அம்மா என்னைப் பார்த்து, “நேத்து வரைக்கும் நல்லாத்தானய்யா இருந்துது இந்தப் புள்ள?” என்று வருத்தமாகக் கேட்டது. பதில் சொல்லி, நான் நின்றேன்.

அந்தோணியின் அப்பா முதுநகரில் தையல்காரர். அவன் என்னை மச்சான் என்று கூப்பிடுவான், ஆகவே அவர் எனக்கு மாமா. என் முதல் பேண்ட் அவர் தைத்தது. அளவெடுக்கும்போது டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “ரெண்டு பேரும் இங்கிலீசு படிக்கிறீங்களாமே, அந்தத் தாளெல்லாம் எங்க வெச்சிக்குவ?” என்றார். நான் கேட்காமலேயே உள்பக்கம் ஒரு பை வைத்துத் தந்தார். சரியாக ஒரு காலண்டர் தாள் அளவு. அந்த வாசகங்களெல்லாம் என் இடுப்போடு ஒட்டி, வியர்வையில் நனைந்துதான் எனக்கு மனப்பாடமாயின. படித்த காலத்தில் எவனாவது எனக்காக இவ்வளவு யோசித்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் உருப்பட்டிருப்பேன்.

ஒரு பெரிய வெயில் காலத்தில், மிஷினில் உட்கார்ந்தபடியே மாமா போய்விட்டார்.

எங்கள் பக்கம் துக்க வீட்டில் யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. நாம் இரண்டு கையையும் நீட்டுவோம், துக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார். அழுகை வந்தால் அழலாம், வராவிட்டால் போய் நாற்காலியில் உட்காரலாம். எங்கள் வீடானாலும் அவர்களைப் போன்ற வேதக்காரர் வீடானாலும் வழக்கம் இதுதான். எனக்கு அது தெரியாதா? சின்ன வயதிலிருந்து எத்தனை துக்க வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஆனால் அந்த வாரம்தான் என்னை ரிசப்ஷனில் உட்கார வைத்திருந்தார்கள். மின்விசிறிக் காற்று தலைக்கேறியிருந்தது. அதோடு, மாமா தைத்த பேண்டைப் போட்டுக்கொண்டு அந்தத் தெருவில் நடக்கும்போதே, தமிழில் ஒரு சொல் வந்தாலும் கூட்டத்தில் உடைந்து அழுதுவிடுவேன் என்று பயந்தேன். இங்கிலீஷில் சொன்னால் அழுகை வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தோணி என்னைப் பார்த்ததும் பந்தலை விட்டு வெளியே வந்தான். நான் நீட்டுவதற்கு முன்னால் அவனே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான். நான் நிமிர்ந்து நின்று, லாட்ஜில் வருகிறவர்களுக்குக் கொடுப்பது போல ஒரு கையைக் கொடுத்து, “ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்” என்றேன். நாற்காலியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணியின் ஒரு கை என் கைக்குள் இருந்தது. இன்னொரு கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது. பிறகு அதைக் கீழே விட்டான்.

“தேங்க் யூ” என்றான்.

பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தான். நான் போட்டு வைத்திருந்த துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையில் தாள் இல்லை. பாலம் தாண்டியதும் தானாகவே எழுந்து கதவோரம் போய் நின்று, வெளியே பார்த்துக்கொண்டே தமிழில் சொன்னான். “எங்கப்பா போன அன்னிக்கி நீ பாலத்துக்கு அந்தாண்ட நின்னுட்ட மச்சான்.”

சிதம்பரம் வரைக்கும் அவன் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்க இங்கிலீஷில் ஏழெட்டு விதம் எனக்குத் தெரியும், எல்லாம் அவன் எழுதிக் கொடுத்ததுதான். தமிழில் ஒரு மச்சானிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அடுத்த வருஷம் அவன் பாண்டிச்சேரியில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கல்யாணப் பத்திரிகை வந்தது, போனேன். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவான், கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்புவேன். நான் சிதம்பரத்திலேயே வீடு பார்த்துக் குடிவந்து, அதே ரிசப்ஷனில் முப்பது வருஷம் உட்கார்ந்து, உலகத்துக்கெல்லாம் ‘வெல்கம்’ சொல்லிச் சலித்துவிட்டேன். அவனிடம் சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

போன வாரம் அந்தச் செய்தி வந்த அன்றைக்கு மத்தியானம் முதுநகர் போனேன். அந்தோணி பெட்டிக்குள், நல்ல சட்டையில், எனக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லாதது போலப் படுத்திருந்தான். வாசலில் அவன் மகன் நின்றான். அப்பாவைப் போலவே நெற்றி. நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவன் வலது கையை மட்டும் பிடித்துக் குலுக்கி, “தேங்க் யூ அங்கிள்” என்றான். பாவம், காலையிலிருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பானோ. என் இடது கையை நானே எடுத்துப் பையில் விட்டுக்கொண்டேன்.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீட்டர் கேஜ் போய், பாதை அகலமாகி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போது சுண்டல்காரம்மா இல்லை. பெட்டியில் இருந்த எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு, தமிழும் இங்கிலீஷும் கலந்து, யாருக்கும் பயப்படாமல் பேசிக்கொண்டு வந்தார்கள். பரங்கிப்பேட்டை போயிற்று. பாலத்தில் சத்தம் மாறியது. வெள்ளாற்றில் தண்ணீர் நிறைய இருந்தது.

பாலம் முடிந்ததும், “மன்னிச்சிக்க மச்சான்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. எதிரே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“எங்க எறங்கணும் சார்?” என்றாள்.

“சிதம்பரம்மா.”

“அதுக்கு இன்னும் கிள்ளையே வரலியே. ஒக்காருங்க, கால் வலிக்கப் போவுது.”

“இல்லம்மா, இருக்கட்டும்” என்றேன், தமிழில். நின்றுகொண்டே வந்தேன்.