அக்காள் சுற்றாத அக்கினி

சட்டத்தையும் சமயத்தையும் ஆராயும் காலாண்டுச் சஞ்சிகை ஒன்றைப் பினாங்கில் ஒரு தமிழ் வக்கீல் நடத்திவந்தார். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றிருந்த நான்தான் அதை அடித்துக் கொடுப்பேன். மக்களின் வழக்கமே அவர்களுடைய சட்டம் என்று இதழ்தோறும் எழுதுவார்.

என் அக்காளைக் கைவிட்ட அத்தான், அவள் போட்ட ஜீவனாம்ச வழக்கில் அவரையே வக்கீலாக அமர்த்திக்கொண்டார்.

"அக்கினியச் சுத்தி ஏழடி நடந்தீங்களா?" என்று கோர்ட்டில் வக்கீல் அக்காளைக் கேட்டார்.

ஆயர் ஈத்தாம் ஊர்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவள் அக்காள். பெருமையோடு நிமிர்ந்து, "எங்க சனத்துல அந்தப் பழக்கமே இல்லீங்க. தாலி மட்டுந்தான்" என்றாள்.

அப்படியானால் சாஸ்திரப்படி அது திருமணமே அல்ல என்று வாதாடி அவர் வென்றார். அக்காளும் குழந்தையும் என் சம்பளத்தை நம்பி வந்துசேர்ந்தார்கள்.

அடுத்த இதழுக்கு அவர் தந்த கட்டுரை, தாலி மட்டும் கட்டும் சாதிகளின் மணங்களை நீதிபதிகள் மதிக்க வேண்டும் என்றது.

"எங்க அக்கா கழுத்துல ஏறினதும் இதே தாலிதானுங்களே, ஐயா?"

"அது கேஸும்மா. இது ஆராய்ச்சி. பிழையில்லாம அடிச்சுக் குடு லா."

பிழையில்லாமல்தான் அடித்தேன். அரிசி, டின் பால், அக்காளுக்கு இருமல் மருந்து எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது.